தாலித் தட்டு

நினைவு விழாக் குழுவைச் சேர்ந்த ரமணி கொண்டுவந்த தாளில், புஷ்பவல்லி பேச வேண்டிய பேச்சு ஏற்கெனவே அச்சாகி இருந்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று பேனாவால் கோடு கூடப் போட்டு வைத்திருந்தாள் அந்தப் புண்ணியவதி. 'தாய்நாட்டின் விடுதலைக்காகத் தன் கழுத்துத் தாலியைக் கழற்றித் தந்தபோது என் அன்னை நல்லம்மாளின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் இரண்டு கோடு. அங்கே கைதட்டல் வருமாம்.

"மூனே நிமிஷம்தான் ஆன்டி. மனப்பாடமெல்லாம் வேணாம், பார்த்தே படிக்கலாம். எழுத்தைப் பெருசா போட்டிருக்கேன்."

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லைன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

ரமணி சிரித்தாள். "அது ஒரு ஃபீலிங்குக்குப் போட்டது லா, ஆன்டி."

எண்பத்திரண்டு வயதில் புஷ்பவல்லிக்குக் காது கொஞ்சம் மந்தம், முழங்கால் ரொம்ப மோசம், வாய் மட்டும் பழுதாகவில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தவள். பெரிய டாக்டர்களையே 'கையைக் கழுவிட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பியவள். கிள்ளானில் அந்த வரிசை வீடுகளில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நாற்பத்தைந்து வருஷமாக வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். அந்த விஷயம்தான் இப்போது பளபளவென்று அச்சாகி அவள் மடியில் வந்து விழுந்திருந்தது.

தாளோடு வந்த விழா மலரின் அட்டையில் அம்மா இருந்தாள். பழைய அடையாள அட்டைப் படம். மகன் லோகன்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறான், தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல். யாரோ கம்ப்யூட்டரில் அம்மாவின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்து, கழுத்தில் தடிமனாக ஒரு தாலியும் போட்டுவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை முப்பத்து மூன்று வருஷம் பொட்டு வைக்கவிடாமல் அடித்தார்கள் ஊரார். செத்து நாற்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு மெஷின் வைத்துவிட்டது.

உள்ளே இரண்டாம் பக்கத்தில் இன்னொரு படம். கோட்டும் தலைப்பாகையுமாக, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த அருணாசலக் கிராணி. 'தங்க நிதி திரட்டிய தளகர்த்தர், தோட்டக் கிளைத் தலைவர்.' நினைவு விழாக் குழுவின் தலைவர், 'டத்தோ' பட்டம் வாங்கிய பாலனுக்கு அவர் தாத்தா. புஷ்பவல்லி அந்தப் பக்கத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ்ல," என்றாள் ரமணி. "டில்லியிலேருந்து ஒரு பெரியவர் வராரு. கல்வெட்டுத் திறக்கிறோம். அம்மா பேரு முதல் பேரு. அப்புறம் நாடகம். காலேஜ் பொண்ணு வாணிதான் உங்கம்மாவா நடிக்கிறா. கடைசியில தாலியைத் தட்டுல வச்சு மேடையிலேருந்து கீழே கொண்டு வருவா, டத்தோவும் விருந்தாளியும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. என் ஐடியாதான் ஆன்டி. சூப்பரா இருக்கும்."

"தட்டுலயா?"

"ஆமா. ஏன் ஆன்டி?"

"ஒன்னுமில்ல. அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்கு?"

"'நாட்டுக்காகத் தாலி தந்த வீரத்தாய்.'"

"அதை மாத்த முடியுமா?"

"கல்லுல செதுக்கியாச்சே ஆன்டி," என்றாள் ரமணி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஏதாவது தப்பா இருந்தா டத்தோகிட்டதான் கேட்கணும்."

ரமணி தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள். நல்ல பெண்தான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குச் சொன்னவர்களுக்குச் சொன்னவர்கள் சரியில்லை.

நடந்தது இதுதான். டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார துரை ஓடிப்போய் ஜப்பான்காரன் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று, கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக லோரி அனுப்பிக்கொண்டிருந்தான். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. அதே சமயம், அவனுடைய நிழலிலேயே சிங்கப்பூரில் இந்திய விடுதலைக்கென்று நம்மவர்களின் அரசாங்கம் ஒன்றும் உண்டாகியிருந்தது. மந்திரிகள் இருந்தார்கள், கொடி இருந்தது, பாட்டு இருந்தது. டில்லிக்குப் படையெடுத்துப் போக நிதி வேண்டும் என்றார்கள். மனசாரக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் கொடுத்ததைக் கேலி பேச யாருக்கும் உரிமை இல்லை, புஷ்பவல்லியும் பேசியதில்லை.

ஆனால் அந்தத் தோட்டத்தில் ஜப்பான்காரனுக்கு ஆள் பட்டியல் எழுதிக் கொடுத்ததும் அருணாசலக் கிராணிதான், அரசாங்கத்துக்குத் தங்கம் வசூலித்ததும் அதே அருணாசலக் கிராணிதான். காலையில் ஒரு நோட்டு, சாயங்காலம் ஒரு நோட்டு. மேசை ஒன்றே.

தைப் பொங்கல் கழிந்த வாரம், நாற்பது பேர் பட்டியலில் நல்லம்மாளின் புருஷன் பெயர் இருந்தது. புஷ்பவல்லி அப்போது இரண்டு வயதுக் குழந்தை. நல்லம்மாள் ஆபீஸ் வாசலில் போய் நின்று அழுதாள். கிராணி அவளைப் பின்பக்கமாக வரச் சொன்னார். "கழுத்துல இருக்கிறதை நம்ம அரசாங்கத்துக்குக் கொடு. கொடுத்த குடும்பத்து ஆளை அனுப்பக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. பேரை அடிச்சிடுறேன்," என்றார். அப்படி ஓர் உத்தரவு எங்கேயும் இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அன்று இரவு நல்லம்மாள் பொட்டுத் தாலியைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டாள். அடகு வைக்கிற பெண்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். மறுநாள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தங்கத்தைத் தட்டில் போட்டாள். கிராணி அவளுக்கு மாலை போட்டார். ஜனம் கைதட்டியது.

மூன்றாம் நாள் விடிகாலை லோரி வந்தது. புருஷனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ஊர் என்ன சொன்னது? கிராணி ஏமாற்றிவிட்டார் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது யாருக்கும் தெரியாது, நல்லம்மாளும் வெளியே விடவில்லை. ஜப்பான்காரன் பாவி என்றார்கள், அதையும் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்கள். வாய் திறந்து, கூலி வீட்டு வரிசைகளுக்கு நடுவே, நடு லயத்தில் நின்று சொன்னது ஒன்றே ஒன்றுதான். உசுரோடு இருக்கிற புருஷனுக்குத் தாலியைக் கழற்றினாள், கைதட்டலுக்கு ஆசைப்பட்டாள், அதுதான் அவனை முழுங்கிவிட்டது. சண்டை முடிந்து ஒரு வருஷமாகியும் ஆள் வராமல் போகவே, பெண்கள் சேர்ந்து வந்து அவள் பொட்டை அழித்தார்கள். சாவு எந்த நாள் என்று தெரியாததால் கருமாதியும் இல்லை, திதியும் இல்லை. தண்டனை மட்டும் தேதி தவறாமல் நடந்தது.

இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் புஷ்பவல்லி வளர்ந்தாள். நம்பியும் விட்டாள். அதைத்தான் இன்றைக்கும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பதினெட்டு வயதில் அவளுக்குக் கல்யாணம். தோட்டத்துக் கோயிலில் பந்தல். முகூர்த்தத்துக்கு முன்னால் தாலியைத் தேங்காயோடு தட்டில் வைத்துச் சபையில் சுற்றுவார்கள். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்வார்கள். தட்டு ஒவ்வொரு கையாகப் போய்க்கொண்டிருந்தது. அருணாசலக் கிராணிக்கு முதல் வரிசையில் நாற்காலி. அவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பந்தலின் கடைசித் தூண் ஓரத்தில், வெள்ளைச் சேலையில், அம்மா நின்றாள். இருபது வருஷமாகப் பால் மரம் வெட்டிக் காய்த்துப்போன கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். தட்டைச் சுமந்த பையன் அவள் பக்கம் நடந்தான்.

மாமியார் வாயைத் திறக்கவில்லை. புரோகிதர் திறக்கவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த புஷ்பவல்லிதான் சொன்னாள், பந்தலுக்கே கேட்கும்படி.

"அங்க கொண்டு போகாதீங்க."

பையன் திரும்பிவிட்டான். அம்மா துடைத்த கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். பிறகு சமையல் பக்கம் போய் வாழை இலை கழுவ உட்கார்ந்தாள். அதற்குப் பின்னும் பத்தொன்பது வருஷம் உயிரோடு இருந்தாள், பேரனைத் தூக்கி வளர்த்தாள், அந்த ஒரு வார்த்தையைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டு அழுதாவது தீர்த்திருக்கலாம்.

அம்மா செத்த அன்று குளிப்பாட்டும்போது, ரவிக்கைக்குள்ளே ஒரு மஞ்சள் கயிறு கிடந்தது. அதில் காய்ந்து சுருங்கிய ஒரு மஞ்சள் துண்டு. துண்டுதான் பழசு, கயிறு புதுசு. முப்பத்தைந்து வருஷமும் யாருக்கும் தெரியாமல் கயிற்றை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். சுமங்கலியாக எடுப்பதா, விதவையாக எடுப்பதா என்று பெண்களுக்குள் குசுகுசுப்பு. கடைசியில் கயிற்றை அறுத்துக் குப்பையோடு போட்டார்கள்.

அன்று சாயங்காலம்தான் கன்னையா வந்தார். சயாமிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு உயிரோடு திரும்பிய ஒரே ஆள். ஒரு கால் முழங்காலோடு போயிருந்தது. கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து புஷ்பவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா லோரியில் சொன்னதைச் சொன்னார். தாலிக்குப் பேரை அடிப்பதாகப் பேச்சு. நாற்பதில் ஒன்று குறையக்கூடாதே, அதனால் லோரி வருவதற்கு முந்தின ராத்திரி பதினேழு வயதுக் கன்னையாவின் பெயரைச் சேர்த்தார் கிராணி. சேர்த்த பிறகு அப்பாவின் பெயரை அடிக்கவும் இல்லை. நாற்பது கேட்ட ஜப்பான்காரனுக்கு நாற்பத்தொன்று போயிற்று. கிராணிக்கு இரண்டு மூட்டை அரிசி வந்தது. அப்பா மழைக்காலத்தில் பேதி கண்டு செத்தார், கன்னையாதான் எரித்தார், தேதி தெரியவில்லை.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா அண்ணே, உங்க பேரைச் சேர்த்தது?"

"தெரியாம என்ன? எங்காத்தா நடு லயத்துல அழுதுச்சே, கடைசி ராத்திரி எம் மவன் பேரைச் சேர்த்தாங்கன்னு. உங்கம்மா புரிஞ்சிக்கிச்சு. அதான் வாயே திறக்கல. என்னைப் பார்க்கிறப்பல்லாம் தலையைக் குனிஞ்சுக்கும். வருஷா வருஷம் தீபாவளிக்கு எனக்குக் கடையிலேருந்து ஒரு வேட்டி வரும். யாரு வாங்கினான்னு கடைக்காரன் சொல்ல மாட்டான்." கன்னையா மூக்கைச் சிந்தினார். "நான் அதைக் குத்தமா நினைக்கலம்மா. எந்தப் பொம்பளையும் புருஷனைக் காப்பாத்தத்தான் பார்ப்பா."

அன்றிலிருந்து புஷ்பவல்லி அம்மாவின் படத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று நினைப்பாள். குங்குமச் சிமிழை எடுப்பாள், திரும்ப வைத்துவிடுவாள். மணையில் உட்கார்ந்து அப்படிச் சொன்ன வாயை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு பொட்டு வைப்பது? ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னாலேயே திரும்ப எடுக்க வேண்டும். ஊரோ சிதறிவிட்டது. தோட்டம் போய் அங்கே வீடுகள் வந்துவிட்டன.

லோகன் வேலை முடிந்து வந்ததும் விழா மலரைப் பார்த்துப் பூரித்துப் போனான். ஐம்பத்தெட்டு வயது அவனுக்கு. டத்தோ பாலனின் லோரி கம்பெனியில் சூப்பர்வைசர்.

"பாட்டி படம் எப்படி வந்திருக்கு பார்த்தீங்களாமா! டத்தோவே சொன்னாரு, உங்க ஃபேமிலியை முன்வரிசையில உட்கார வைக்கிறேன்னு."

"அந்தப் பேச்சை நான் படிக்க மாட்டேன். நான் எனக்குத் தெரிஞ்சதைப் பேசுறேன்."

லோகன் முகம் மாறியது. "என்ன பேசப் போறீங்க?"

"அந்த அரசாங்கத்தைப் பத்தி."

"அம்மா, வேணாம்மா. அவங்க சுதந்திரத்துக்குப் பாடுபட்டவங்க."

"யாரு இல்லன்னா? துப்பாக்கி தூக்கிட்டு பர்மா காட்டுல செத்தானே, அவன் பாடுபட்டான். நான் மேடை போட்டவங்களைச் சொல்றேன். ஜப்பான்காரன் துப்பாக்கியோட வந்தான். கெட்டவன்னு தெரிஞ்சு பயந்தோம், ஒளிஞ்சோம். இவங்க மாலையோட வந்தாங்கடா. எப்படி ஒளியறது? லட்சம் தமிழனை லோரியில ஏத்தி சயாமுக்குக் கொண்டு போனப்ப, நம்ம அரசாங்கம்னு கொடி புடிச்சவங்க நம்ம தோட்டத்துப் பக்கம் வந்து ஒரு வார்த்தை கேட்டாங்களா? தங்கம் எங்கன்னு கேட்க மட்டும் வந்தாங்க."

"அந்தக் காலத்துல அவங்களால என்ன செய்ய முடியும்? ஜப்பான்காரனை எதுத்துப் பேச முடியுமா?"

"பேச முடியாதுன்னா அரசாங்கம்னு ஏன் பேரு வச்சுக்கணும்? மந்திரின்னு ஏன் நாற்காலி போடணும்? எங்களால ஒன்னும் முடியாது, உங்களை நாங்க காப்பாத்த மாட்டோம்னு சொல்லியிருந்தா, எங்கம்மா தாலியை வித்துக் கிழங்கு வாங்கியிருப்பா. எங்கப்பன் அதைத் தின்னுட்டுக் காட்டுக்குள்ள ஓடியிருப்பான்."

லோகன் நாற்காலியில் உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது. "அம்மா, எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ். டத்தோ கையெழுத்துலதான் என் பொழப்பு இருக்கு. எம்பது வருஷத்துக் கதை. அவர் தாத்தா படத்தைப் போட்டிருக்காரு, போட்டுட்டுப் போகட்டும். பாட்டிக்கும் மரியாதைதானே கிடைக்குது?"

மரியாதைதான். அதுதான் அவளுக்கு நெருப்பாக எரிந்தது. அம்மாவைக் கொன்ற பொய்யையே எடுத்து அம்மாவுக்கு மாலையாகப் போடப் போகிறார்கள். அது கல்லில் ஏறிவிட்டால் இனி எந்தக் காலத்திலும் இறங்காது. இப்போது பேசினால் மகனின் பிழைப்பில் மண். பேசாவிட்டால் அம்மாவின் வாயில் மண், இரண்டாவது தடவையாக.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நீலச் சேலை கட்டிக்கொண்டு, ரமணி கொடுத்த தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். படிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. லோகன் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் குளிர்சாதனம் பல்லைக் கிட்ட வைத்தது. முன்னூறு பேர் இருக்கும். மேடையின் ஓரத்தில், பூச்சரம் போட்ட பெரிய படமாக, கம்ப்யூட்டர் பொட்டோடு அம்மா. பக்கத்தில் பட்டுத் துணி மூடிய கல். டில்லிக்காரர் முன்வரிசையில், அவரை ஒட்டி டத்தோ பாலன். பாலன் எழுந்து வந்து புஷ்பவல்லியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நீங்க வந்தது எங்க பாக்கியம்மா," என்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தாத்தா சொன்ன கதையை நம்பி வளர்ந்தவர். ஆனால் தாத்தா வாங்கிய அரிசியில் வளர்ந்த குடும்பமும்தான்.

பட்டுத் துணியை விலக்கினார்கள். 'நாட்டுக்காகத் தாலி தந்த வீரத்தாய்.' கைதட்டல். அப்புறம் நாடகம். வாணி என்கிற அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். சிவப்புச் சேலையில், துள்ளி எழுந்து, "என் மாங்கல்யம் என் மண்ணுக்கே!" என்று வீறிட்டாள். அருணாசலக் கிராணியாக வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். லோகன் பக்கத்து நாற்காலியில் மூக்கை உறிஞ்சினான். புஷ்பவல்லிக்கு அழுகை வரவில்லை. அம்மா வீறிட்டு அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. வாழ்நாள் முழுக்க மெதுவாகப் பேசியவள்.

ரமணி வந்து அவளைக் கைத்தாங்கலாக மேடையில் ஏற்றி, மைக்கைக் கையில் கொடுத்தாள். "ஆன்டி, வாணி தட்டோட கீழே இறங்கினதும் நீங்க படிக்க ஆரம்பிங்க," என்று காதில் சொன்னாள். இசை கிளம்பியது. வாணி தேங்காயும் குங்குமமும் தங்க முலாம் பூசிய தாலியும் வைத்த தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, படியில் இறங்கி, டத்தோவின் நாற்காலியை நோக்கி நடந்தாள். பாலன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். தொடுவதற்குக் கையை நீட்டினார்.

புஷ்பவல்லியின் வாயிலிருந்து அது தானாக வந்தது. அவள் யோசித்து வைத்த பேச்சு அது இல்லை. மணையில் உட்கார்ந்து சொன்ன அதே குரல்.

"அங்க கொண்டு போகாதே."

மைக் அதை மண்டபம் முழுக்க அடித்தது. வாணி அப்படியே நின்றாள். இசையை யாரோ நிறுத்தினார்கள். பாலனின் கை அந்தரத்தில் நின்றது.

"டத்தோ, நீங்க தொட வேணாம். உங்க தாத்தா ஒரு தடவை தொட்டாச்சு. எங்கம்மா நாட்டுக்குக் கொடுக்கல. புருஷனுக்காகக் கொடுத்தா. கொடுத்தா சயாம் லிஸ்ட்டுல பேரை அடிக்கிறேன்னு உங்க தாத்தா சொன்னாரு. லிஸ்ட் எழுதினவரும் அவரே, தங்கம் வாங்கினவரும் அவரே. வாங்கிக்கிட்டுப் பேரை அடிக்கல. அதோட பதினேழு வயசுப் பிள்ளை ஒருத்தன் பேரையும் சேர்த்தாரு. அந்த அரசாங்கத்துல ஒருத்தரும் எங்கள ஏன்னு கேட்கல. அந்தக் கல்லுல அதை எழுதுங்க. எழுத இடம் இல்லைன்னா எங்கம்மா பேரை எடுத்துடுங்க."

முன்வரிசையில் நாற்காலிகள் முனகின. டில்லிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டார், பக்கத்தில் இருந்தவர் வேறு எதையோ சொன்னார். ரமணி முகத்தைப் பொத்திக்கொண்டாள். புஷ்பவல்லிக்கு மூச்சு வாங்கியது. இன்னும் பாதிதான் சொல்லியிருந்தாள். தனக்கென்று வைத்திருந்த பாதி மிச்சம் இருந்தது.

"இதை விட ஒரு பெரிய பாவம் இருக்கு. அதை நான் செஞ்சேன். என் கல்யாணத்துல—"

மைக் செத்துப்போனது. தட்டிப் பார்த்தாள், சத்தம் இல்லை. ஓரத்தில் யாரோ ஒருவன் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். அவள் மைக் இல்லாமலேயே சொன்னாள். அவளுடைய குரல் பழைய குரல் இல்லை, இரண்டாவது வரிசைக்கு மேல் போகவில்லை. தட்டு வந்ததையும், அம்மா கையைத் துடைத்ததையும், தான் சொன்னதையும் சொன்னாள். முன்னூறு பேரில் கேட்டது வாணிக்கும், இன்னும் நாலைந்து பேருக்கும்தான்.

அதற்குள் டத்தோ பாலன் வேறொரு மைக்கை வாங்கிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் பிசகவில்லை. "வேதனையில பேசுறாங்க. இப்படிப்பட்ட தாய்மார்களோட கண்ணீர்லதான் சுதந்திரம் விளைஞ்சது. அம்மாவுக்கு ஒரு பெரிய கைதட்டல் கொடுங்க," என்றார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நிஜமாகவே சிலர் அழுதார்கள். அந்தக் கைதட்டலை அவள் ஏற்கெனவே அறிவாள். எண்பது வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கும் இப்படித்தான் தட்டியிருப்பார்கள்.

வாணி இன்னும் தட்டோடு கீழே நின்றுகொண்டிருந்தாள். படியேறி அருகே வந்தாள். "பாட்டி, இதை எங்க கொண்டு போறது?"

"எங்கம்மாகிட்ட கொண்டு போம்மா," என்றாள் புஷ்பவல்லி.

வாணி அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் போய்த் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். புஷ்பவல்லி பின்னாலேயே நொண்டி நொண்டிப் போனாள். கம்ப்யூட்டர் பொட்டின் மேலேயே, தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு வைத்தாள். கண்ணாடி வழவழப்பில் குங்குமம் சரியாக ஒட்டவில்லை. பாதி உதிர்ந்து பூச்சரத்தில் விழுந்தது.

லோகன் காரை ஃபெடரல் ஹைவேயில் ஏற்றினான். அவன் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. நெரிசலில் கார் நின்றபோது எடுத்துப் பார்த்து அவளிடம் நீட்டினான். குழுவின் வாட்ஸப்பில், அவள் படத்துக்குக் குங்குமம் வைக்கிற போட்டோ. கீழே எழுதியிருந்தது: 'நாட்டுக்காகத் தாலி தந்த வீரத்தாய்க்கு மகளின் கண்ணீர் அஞ்சலி.' அதற்குள் நூறு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

"கல்லை மாத்த மாட்டாங்கமா," என்றான் லோகன். "நாளைக்கு என்னை மட்டும் மாத்துவாங்க."

"தெரியும்."

கார் சுபாங் தாண்டியது. அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். கோபமாகக் கேட்பான் என்று நினைத்தாள். அவன் கேட்டது வேறு.

"இருபத்தெட்டு வருஷமா நான் அந்தக் கம்பெனியில இருக்கேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்த அருணாசலம் படத்துக்கு நான்தான் மாலை வாங்கிட்டு வந்து போடுவேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஏன்மா ஒரு வார்த்தை சொல்லல?"

புஷ்பவல்லி கைப்பையைத் திறந்து ரமணியின் தாளை எடுத்தாள். விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தை அதில் துடைத்தாள்.

"கிராணி செஞ்சதைச் சொன்னா, கன்னையா பேரு எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். அதான் எங்கம்மா சொல்லல. கிராணி செஞ்சதைச் சொன்னா, நான் எங்கம்மாவுக்குச் செஞ்சதையும் சொல்லணும். அதான் நானும் சொல்லல. அவங்க எதையும் மறைக்கவே இல்லடா லோகா. எல்லாத்தையும் நாங்கதான் மறைச்சுக் கொடுத்தோம்."

போன் மறுபடி அடித்தது. டத்தோவின் பெயர். அவன் அதை எடுக்காமல் கிள்ளான் பக்கம் திரும்பினான்.